விதையைக் காப்பது டப்பா அல்ல, காய்ச்சல்
(வானொலியில் ஒலிபரப்பான உழவர் பேச்சு)



ஆடி பிறந்தால் நம்ம பக்கத்தில் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். கத்தரி, மிளகாய், தக்காளி விதை பாத்திக்குப் போகும். வேலி ஓரத்தில் பீர்க்கும் சுரையும் ஊன்றுவோம். பத்து நாள் பொறுத்துப் போய்ப் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை தெரிகிறது. உடனே என்ன சொல்கிறோம்? "மண் சரியில்லை" என்கிறோம். "எறும்பு இழுத்துவிட்டது" என்கிறோம். "நாள் சரியில்லை" என்று பஞ்சாங்கத்தின் மேலும் பழி போடுகிறோம்.

ஆனால் பல சமயம் நடப்பது வேறு. அந்த விதை பாத்தியில் சாகவில்லை. சித்திரை, வைகாசியிலேயே டப்பாவுக்குள் செத்துப்போய்விட்டது. செத்த விதைக்குத்தான் நாம் பாத்தி கட்டி, பூவாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்!

விதை எப்படிச் சாகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

விதைக்கும் மூச்சு உண்டு

விதை என்பது கல்லோ மண்ணோ அல்ல. உயிருள்ள பொருள். உள்ளே ஒரு சின்னச் செடி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கட்டுச்சோறு போல மாவோ எண்ணெயோ கூடவே இருக்கிறது. தூங்கினாலும் மூச்சு நிற்பதில்லை. ஈரமும் சூடும் கூடினால் மூச்சு வேகமாகிறது. கட்டுச்சோறு வீணாகக் கரைகிறது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுகள் பழுதாகின்றன. அப்படிப்பட்ட விதையை மண்ணில் போட்டால் உள்ளே இருக்கும் சர்க்கரை வெளியே கசிகிறது. அதைத் தேடிப் பூஞ்சாணம் வந்துவிடுகிறது.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதை ஒரே நாளில் சாவதில்லை. முதலில் போவது வீரியம். அப்புறம்தான் முளைப்புத் திறன் போகிறது. ஆறு நாளில் முளைக்க வேண்டியது பத்து நாள் எடுத்துக்கொள்ளும். முளைத்த நாற்றும் ஒன்று குட்டை, ஒன்று நெட்டையாக நிற்கும். "முளைத்துவிட்டதே, போதும்" என்று இருந்துவிடாதீர்கள். தாமதமாகவும் ஏறுமாறாகவும் முளைத்தால், விதை கிழடாகிவிட்டது என்று அர்த்தம்.

நம்ம ஊருக்கு இரண்டு எதிரிகள்

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கம் சாலை, ரமண நகர், அந்தப் பக்கம் கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலை வரைக்கும், கிணற்றுப் பாசனக் கொல்லையும் உண்டு; வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்ட தோட்டமும் உண்டு. இங்கே நாம் விதை எடுப்பது பெரும்பாலும் தை, மாசியில். விதைப்பது ஆடியில். இடையில் வருவது பங்குனி, சித்திரை, வைகாசி. மலைப் பாறை நாளெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி அனலாகக் கக்கும் காலம். ஆடிக்குப் போக மிச்சமான விதையை வைத்திருந்தால், அடுத்து ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஆக, முதலில் சூடு, பிறகு ஈரம். இரண்டு எதிரியையும் நம்ம விதை சந்தித்தே தீர வேண்டும்.

ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை விஞ்ஞானி இதற்கு எளிமையான கணக்குச் சொல்லியிருக்கிறார். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். விதை இருக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரட்டிப்பாகும். துல்லியமான தராசுக் கணக்கு இல்லை இது. ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதத்துக்குள் இருக்கும்போது பொருந்தும் ஓர் உத்தேசக் கணக்கு. ஆனாலும் போட்டுப் பாருங்கள். 12 சதவீத ஈரத்தில் இருக்கும் கத்தரி விதையை 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் நாலு தடவை இரட்டிப்பு. அதாவது ஆயுள் 16 மடங்கு! காசு செலவில்லை, இன்னும் நாலு நாள் பொறுமையாகக் காயவைத்ததற்குக் கிடைத்த கூலி இது.

அவர் பெயரால் இன்னொரு கணக்கும் உண்டு. திறந்தபடி விதை வைக்கும் அறையில், பாரன்ஹீட் கணக்கில் சூட்டையும், காற்றின் ஈரப்பதச் சதவீதத்தையும் கூட்டினால் 100க்குள் இருக்க வேண்டும் என்பது. நம்ம ஊர்ச் சித்திரையில் 38 டிகிரி செல்சியஸ் சாதாரணம். பாரன்ஹீட்டில் அதுவே 100ஐத் தாண்டிவிட்டது; ஈரத்தை இன்னும் கூட்டவே இல்லை! ஐப்பசியில் சூடு 80 டிகிரி, ஈரம் 80 சதவீதம் என்றால் கூட்டுத்தொகை 160. ஆக, நம்ம ஊரில் துணிப் பையிலும் காகிதப் பொட்டலத்திலும் திறந்தபடி வைத்த விதை ஆண்டு முழுக்கத் தாக்குப்பிடிக்காது. நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாமல் மூடி வைப்பது ஒன்றுதான் வழி.

காய்ச்சல் முதலில், மூடி பிறகு

இந்த வரிசைதான் முக்கியம். பலபேர் மூடியில் கவனம் வைக்கிறார்கள், காய்ச்சலை விட்டுவிடுகிறார்கள். நல்ல கண்ணாடி பாட்டில் வாங்கி, அரைகுறையாகக் காய்ந்த விதையைப் போட்டு இறுக மூடி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அது விதையைக் காப்பது அல்ல. ஈரத்தையும் விதையையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டுவது. அதைவிடத் துணிப் பையே மேல். அதிலாவது ஈரம் வெளியே போக வழியிருக்கும்.

சர்க்காரின் விதைச் சான்றிதழ்த் தரத்தைப் பார்த்தாலே இது விளங்கும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெங்காய விதைக்குச் சாதாரணப் பையில் 8 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். காற்றுப் புகாத பை என்றால் 6 சதவீதம்தான். வெண்டைக்கு 10, மூடிய பையில் 8. பீர்க்கு, பாகல், சுரை போன்ற கொடிகளுக்கு 7. மூடிய பையில் 6. மூடி இறுக்கமானால் விதை இன்னும் காய்ந்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

சூட்டைவிட ஈரமே பெரிய எதிரி என்பதற்கு ஓர் அதிசயமான சாட்சி உண்டு. இஸ்ரேலில் சாக்கடல் ஓரம் மசாதா என்ற பழைய கோட்டை இருக்கிறது. 1960களில் அங்கே தோண்டியபோது பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழையவை. 2005ஆம் ஆண்டு அவற்றை ஊன்றியதில் ஒன்று முளைத்து மரமே ஆகிவிட்டது. அது குளிர்ந்த இடமா? இல்லை, கொளுத்துகிற பாலைவனம். ஆனால் காய்ந்த இடம். அந்தக் காய்ச்சல்தான் கொட்டையைக் காப்பாற்றியது.

எப்படிக் காயவைப்பது?

காயை முற்றவிட்டுத்தான் விதை எடுக்க வேண்டும். கத்தரிக்காய் மஞ்சளாகப் பழுக்கட்டும். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கட்டும். பிஞ்சு விதையை எத்தனை பத்திரமாக வைத்தாலும் பயனில்லை.

தக்காளி, கத்தரி விதையைக் கழுவி எடுத்தவுடன் வெயிலில் போடாதீர்கள். முதல் இரண்டு நாள் நிழலில், காற்றோட்டமான இடத்தில் பரப்புங்கள். அடிக்கடி கையால் துழாவிவிடுங்கள். அதன் பிறகு காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் காயட்டும். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை எடுத்து நிழலில் வைத்துவிடுங்கள். ஈரமான விதை உச்சி வெயிலில் வெந்துபோகும். தார் ரோடு, தகரம், மொட்டைமாடிச் சிமெண்டுத் தளம், இவற்றின்மேல் நேராகப் பரப்பவே கூடாது. பாயோ வெள்ளைத் துணியோ விரித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பனி இறங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பகலில் போன ஈரம் ராத்திரியில் திரும்பிவிடும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? சுரை, பீர்க்கு விதையை வளைத்தால் வளையக் கூடாது. 'டக்'கென்று ஒடிய வேண்டும். வெண்டை விதையைக் கல்லில் வைத்துத் தட்டினால் நசுங்கக் கூடாது. உடைந்து தெறிக்க வேண்டும்.

இன்னொரு சோதனைக்கு அடுப்படி உப்பு போதும். தூள் உப்பை வாணலியில் வறுத்து ஆறவிட்டு, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் விதையோடு ஒரு கரண்டி போட்டு மூடிக் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் விதையில் ஈரம் அதிகம். ஒட்டாமல் உதிர்ந்தால் மேலோட்டமான ஈரம் போய்விட்டது என்று கொள்ளலாம். காற்றில் ஈரம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் சுத்தமான உப்பு கசியும். ஐப்பசியில் உங்கள் உப்பு ஜாடி நீர்த்துப்போனால், விதை டப்பாவைத் திறக்கும் நாள் அதுவல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வெயிலில் மட்டும் காயவைத்து 6, 7 சதவீதத்துக்குக் கொண்டுவருவது சிரமம். அதற்கும் வழி உண்டு. அரிசியை வாணலியில் நன்றாக வறுத்து, சூட்டோடு ஒரு பாத்திரத்தில் மூடி வைத்து ஆறவிடுங்கள். பாட்டிலின் அடியில் அந்த அரிசியைப் போட்டு, மேலே மெல்லிய துணி முடிச்சில் விதையை வைத்து இறுக மூடிவிடுங்கள். விதை எவ்வளவு எடையோ, அரிசி அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். விதையில் மிச்சமிருக்கும் ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து, வெயில் காய்கிற நாளில் அரிசியை எடுத்துவிட்டு விதையை மட்டும் காய்ந்த பாட்டிலில் மாற்றுங்கள். மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் கடையில் தனியாகவும் கிடைக்கிறது. அதுவும் இந்த வேலையைச் செய்யும்.

எங்கே வைப்பது?

நம்ம பாட்டிமார் அடுப்புக்கு மேலே பரணில் விதையைத் தொங்கவிட்டார்கள். சுரைக்குடுக்கையில் போட்டு அடைத்தார்கள். பூசணி, பீர்க்கு விதைகளைச் சாணத்தில் பதித்து எருவாட்டியாகத் தட்டிக் காயவைத்தார்கள். அதெல்லாம் வீண் வேலை இல்லை. விறகடுப்பு நாள் முழுக்கக் கணகணவென்று இருந்ததால் பரணில் ஈரம் தங்கவில்லை. புகை பூச்சியை அண்டவிடவில்லை. ஆனால் இன்றைக்கு அடுப்படியில் புகை இல்லை. கேஸ் அடுப்பும் குக்கர் ஆவியும்தான். சமையல் முடிந்ததும் சூடு போய்விடுகிறது, ஈரம் நிற்கிறது. "பாட்டி அங்கேதான் வைத்தாள்" என்று அதே பரணில் வைத்தால், பாட்டிக்குக் கிடைத்த பலன் நமக்குக் கிடைக்காது. அடுப்பு மாறிவிட்டது; இடத்தையும் மாற்ற வேண்டும்.

வீட்டில் வடக்குப் பக்க அறை, தரையோடு ஒட்டிய மூலை, இதுவே நல்ல இடம். நன்றாகக் காய்ந்து இறுக மூடிய பாட்டிலை ஒரு மண்பானைக்குள் வையுங்கள். அந்தப் பானையை இன்னொரு பெரிய பானைக்குள் வைத்து, இடையில் மணல் கொட்டி நனைத்துவந்தால் உள்ளே சூடு இறங்கும். 5 டிகிரி இறங்கினாலே ஆயுள் இரட்டிப்பு என்று பார்த்தோமே! ஆனால் பாட்டில் மூடி காற்றுப் புகாததாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மணலின் ஈரம் விதைக்குப் போய்விடும்.

ஆசிரமப் பக்கம் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். கார்த்திகையிலிருந்து மாசிவரை வெளியூர், வெளிநாட்டு அன்பர்கள் வந்து தங்குகிறார்கள். சிலர் ஆசையாகத் தோட்டம் போட்டு விதையும் எடுத்து வைக்கிறார்கள். வெயில் ஏறியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பூட்டிய வீட்டில் மாடி அலமாரி சித்திரையில் அடுப்பாகக் காயும். போகுமுன் விதைப் பாட்டிலைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். இல்லை, பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டில் ஒரு பங்கு கொடுத்து வையுங்கள். விதை இரண்டு வீட்டில் இருந்தால் ஒரு வீட்டில் கெட்டாலும் ஊரில் மிஞ்சும்.

குளிர்சாதனப் பெட்டி இருந்தால் நல்லதுதான். ஆனால் உள்ளே ஈரம் அதிகம். மூடாத பொட்டலமாக வைக்காதீர்கள். பாட்டிலை வெளியே எடுத்தவுடன் திறக்கவும் கூடாது. திறந்தால் விதைமேல் வேர்த்துவிடும். வெளிச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்துத் திறங்கள்.

அவரை, மொச்சை, காராமணி விதைக்குப் பயறு வண்டு ஒரு தொல்லை. முட்டை வயலிலிருந்தே காயோடு வந்துவிடும். நன்றாகக் காயவைத்து, பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். செம்மண் கட்டுவதும், காய்ந்த வேப்பிலை, நொச்சி இலை, வசம்பு போடுவதும் நல்ல பழக்கம். இலை பச்சையாக இருந்தால் அதுவே ஈரத்தைக் கொண்டுவந்துவிடும், ஜாக்கிரதை.

எல்லா விதைக்கும் இந்த வைத்தியம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறிவேப்பிலை, பலா, மா இவற்றின் விதையைக் காயவைத்தால் செத்துப்போகும். பழத்திலிருந்து எடுத்ததும் ஊன்றிவிட வேண்டும்.

எவ்வளவு நாள் வைக்கலாம்?

காய்கறி விதைகளில் சீக்கிரம் கெடுவது வெங்காயம். அடுத்த பட்டத்துக்குள் அதை விதைத்துவிடுவது நல்லது. மிளகாயும் வெண்டையும் அதற்கு அடுத்தபடி. தக்காளி, கத்தரி, கொடிவகைகள் நன்றாகக் காய்ந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். ஆகவே பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். என்ன விதை, எந்த மாதம், எந்த வருஷம் எடுத்தது. "ஞாபகம் இருக்கும்" என்று விடாதீர்கள். கத்தரியும் சுண்டையும் பாட்டிலில் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கடையில் வாங்கினாலும் பையில் பரிசோதனை தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து 9 மாதம்தான் சான்று செல்லும். திரும்பப் பரிசோதித்தால் மேலும் 6 மாதம் நீட்டலாம். தேதி சரியாக இருந்தாலும், வெயில் படும்படி வாசலில் தொங்கவிட்ட பையை வாங்காதீர்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். வீரிய ஒட்டு ரகமென்றால் அதன் விதையை எடுத்து வைத்துப் பயனில்லை. தாய்ச்செடி போல வராது.

ஆனிமாதப் பரீட்சை

ஆடிக்கு முன்னால், ஆனியிலேயே விதைக்கு ஒரு பரீட்சை வையுங்கள். நல்லது கெட்டது பொறுக்காமல் 100 விதை எண்ணி எடுங்கள். ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வையுங்கள். துணி காயவும் கூடாது, தண்ணீர் சொட்டவும் கூடாது. காராமணிக்கு 8 நாள், தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 14 நாள், வெண்டைக்கு 21 நாள் கணக்கு. வேரும் தண்டும் ஒழுங்காக உள்ள நாற்றை மட்டும் எண்ணுங்கள். கோணல், அழுகல் கணக்கில் சேராது.

தக்காளி, கத்தரி, வெங்காயத்தில் 70, வெண்டையில் 65, மிளகாயிலும் கொடிவகையிலும் 60, காராமணியில் 75. இது சான்று விதைக்கு உள்ள குறைந்தபட்சத் தரம். உங்கள் விதை இதற்கு மேல் இருந்தால் தைரியமாக விதையுங்கள். 40, 50 என்று வந்தால் "இரண்டு மடங்கு விதைத்தால் போச்சு" என்று நினைக்க வேண்டாம். முளைத்ததும் வீரியம் குறைந்துதான் இருக்கும். வேறு விதை தேடிக்கொள்ள ஆனியில் நேரம் இருக்கிறது. ஆடியில் பாத்தி கட்டிய பிறகு நேரம் இல்லை. விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்தால் ஈரப்பதமும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஒரு டப்பா விதைக்கு இத்தனை பாடா என்று கேட்கலாம். கடையில் கிடைக்கிற விதை கெட்டால் காசுதான் நஷ்டம், திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உங்கள் வீட்டில் மாமியார் காலத்திலிருந்து வருகிற கத்தரி எந்தக் கடையில் கிடைக்கும்? பக்கத்து வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பரம்பரையாகக் குடியானவர்கள் வருஷா வருஷம் விதை எடுத்து, காயவைத்து, அடுத்த வருஷத்துக்குக் கொடுத்துவந்திருக்காவிட்டால் அந்தக் கத்தரி ஏது, குறியீடுதான் ஏது? டெல்லியில் தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தில் விதைகளைக் காயவைத்து மூடி, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் முறை இதேதான். முதலில் காய்ச்சல், பிறகு மூடி, அப்புறம் குளிர்ச்சி.

இந்த மூன்றில் குளிர்ச்சி நமக்கு எட்டாமல் போகலாம். காய்ச்சலும் மூடியும் எல்லார் கைக்கும் எட்டும். வருகிற தை மாதம் விதை எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். ஆடியில் உங்கள் பாத்தி பச்சைப் பசேலென்று நிறையட்டும்.